ஏழு மூலைத் துணி அறை

ராய்ஸ் பெல்ச்சர் முப்பத்துமூன்று வருஷமாகக் கம்பள மில் ஊரான டால்டனிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் தரைக் கம்பளம் போடுகிறவன். வக்கீல் வீடு, பல் டாக்டர் வீடு, மூன்று சர்ச்சு, ஒரு சவ அடக்க நிலையம் என்று அவன் முழங்கால் படாத தரை அந்த வட்டாரத்தில் குறைவு. சொந்த வீட்டில் மட்டும், படுக்கையறையை ஒட்டிய துணி அறையில், பத்தொன்பது வருஷமாக வெறும் பலகைதான். படுக்கையறைக்குக் கம்பளம் போட்டுக்கொண்டே வந்தவன் துணி அறை வாசலைத் தொட்டபோது யாரோ அவசர வேலைக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் முடித்துவிடுகிறேன் என்று மனைவி நெல்டாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

இந்த அக்டோபர் சனிக்கிழமைதான் வந்தது. வரவைத்தவள் நெல்டா. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள், வியாழக்கிழமை போன் செய்தாள்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன், ராய்ஸ். மிச்சத் துணியெல்லாம் எடுத்துக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு நாளாக ராய்ஸ் அந்த ஒரு வரியைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். துணிதான் வேண்டுமென்றால் அவளிடம் சாவி இருக்கிறது. அவன் வேலைக்குப் போகும் ஒரு நாளாகப் பார்த்து வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவன் வீட்டில் இருக்கும் நாளாக ஏன் பார்த்தாள்? நேரத்தை ஏன் சொன்னாள்? அப்படியென்றால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. நாலு மணிக்குள் அந்தத் துணி அறைக்குக் கம்பளம் போட்டு முடித்துவிட்டால் அவள் பார்ப்பாள், மனசு இளகும், இருந்துவிடுவாள் என்று அவன் முடிவுகட்டிவிட்டான்.

அவள் போன அன்றைக்கு நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை. துணி அறைப் பலகையிலிருந்து ஒரு சிலாம்பு அவள் குதிகாலில் ஏறிவிட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் தானே பிடுங்கிக்கொண்டாள். ராய்ஸ் கூடத்தில் டிவி முன்னாலிருந்து, "அடுத்த வாரம் போட்டுடறேன்" என்று குரல் கொடுத்தான். அவள் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பெட்டியை எடுத்தாள். சண்டை இல்லாததை அவன் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டான். ஆண்பிள்ளை புத்தி, வேறென்ன சொல்ல.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கினான். காபி பாதிக் கோப்பையிலேயே ஆறிப்போயிற்று. முதலில் துணிகளை வெளியே எடுத்தாக வேண்டும். சாமான் இருக்கும் அறையில் யாராலும் கம்பளம் போட முடியாது. கோட்டு, சர்ச்சுக்கு உடுத்தும் உடுப்பு, மில்லுக்குப் போட்டுப்போன சட்டை எல்லாவற்றையும் கை கையாக அள்ளிக் கட்டிலில் அடுக்கினான். செருப்புப் பெட்டிகளைச் சுவரோரம் வைத்தான். அள்ளும்போதெல்லாம் அவள் வாசனை மூக்கில் ஏறியது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தான்.

காலியான அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அறையா அது? இடதுபக்கம் புகைபோக்கியின் செங்கல் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. வலதுபக்கம் மேல்மாடிப் படிக்கட்டு சாய்வாக வந்து ஒரு மூலையைத் தின்றுவிட்டிருந்தது. பின்சுவர் கோணல், கட்டியவன் அன்றைக்கு என்ன குடித்திருந்தானோ. மொத்தம் ஏழு மூலை, ஒன்றாவது நேர்மூலையா என்றால் இல்லை. பத்தொன்பது வருஷம் அவன் தள்ளிப்போட்டதற்கு அவசர வேலை பாதிக் காரணம் என்றால், இந்த மூலைகள் மீதிப் பாதி.

சுவரோரமாக ஆணிப்பட்டைகளை அடித்தான். கம்பளத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் மரப்பட்டைகள் அவை. செங்கல் பக்கம் ஆணி இறங்க மறுத்தது. நடுநடுவே போனை எடுத்து மணி பார்த்தான். எட்டே முக்கால். ஒன்பதே கால். அவள் ஒருவேளை சீக்கிரம் வந்துவிட்டால்? எழுந்து போய் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துவிட்டு வந்தான். தபால் வண்டி நின்றிருந்தது. திரும்பி வந்து மண்டியிட்டான், முழங்கால் மளுக்கென்றது. கம்பளத்துக்கு அடியில் போடும் மெத்தையை விரித்து, ஸ்டேப்ளர் ஊசி அடித்து முடிப்பதற்குள் மூன்று தடவை ஜன்னலுக்குப் போய்வந்துவிட்டான்.

வேலை செய்யும்போது அவன் காதில் நெல்டாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. இருபத்தாறு வருஷம் அவள் கம்பள மில்லில் சோதனைப் பிரிவில் இருந்தாள். விளக்கு வரிசைக்குக் கீழே கம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரு இழை விட்டுப்போயிருந்தால் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவாள். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. ஓட்டலுக்குப் போனால் வரவேற்பறையிலேயே நின்றுவிடுவாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கூப்பிட்டது காதில் விழாமல் காலால் தரையைத் தடவிக்கொண்டிருப்பாள். சொந்த அம்மாவின் சவ அடக்கத்தில், பெட்டிக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஓரத்துல ஒட்டு விட்டுருக்கு பாரு. நீ போட்டதுதானே?" என்று கிசுகிசுத்தவள். அவன் போட்டதுதான். மறுநாளே போய்ச் சரிசெய்தான். இப்படி நொட்டை சொல்லிச் சொல்லித்தான் இருவரும் முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். கொஞ்சல் என்று தனியாக ஒன்று அவர்களுக்குத் தெரியாது.

பத்து மணிக்குப் பெரிய பழுப்புக் காகிதத்தை அறைக்குள் விரித்து, ஏழு மூலைக்கும் மடித்து, அப்படியே அச்சு எடுத்தான். இதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. படுக்கையறைக்குப் போட்டதில் மிஞ்சிய துண்டு பத்தொன்பது வருஷமாக ஷெட்டில் சுருண்டு கிடந்தது. நல்லவேளை, எலி தொடவில்லை. மணல் நிறம், அந்த நிறத்தை மில்லில் நெய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். உலகத்திலேயே இந்த ஒரு துண்டுதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, முதுகுப் பக்கம் மேலே தெரிய விரித்தான். கம்பளத்தை முதுகுப் பக்கமாகத்தான் வெட்டுவார்கள், இழைகள் பிய்யாமல் இருக்க.

காகிதத்தைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. பாய்ந்து போய் எடுத்தான். கார் இன்சூரன்சு விற்கிற எவனோ. வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டு, காகிதத்தைத் துண்டின்மேல் வைத்து, கோடு போட்டு, கத்தியை இறக்கினான். ஏழு வெட்டு, பிசிறில்லாமல்.

தூக்கிக்கொண்டு வந்து அறைக்குள் போட்டான். செங்கல் பெட்டிக்காக வெட்டிய பள்ளம் படிக்கட்டுப் பக்கம் கிடந்தது. படிக்கட்டுச் சாய்வு செங்கலில் போய் முட்டியது. திருப்பிப் போட்டான். இன்னும் மோசம். அப்போதுதான் புரிந்தது. கம்பளம் குப்புறக் கிடக்கும்போது காகிதத்தையும் குப்புறப் புரட்டி வைக்க வேண்டும். புரட்டாமல் வெட்டியிருக்கிறான். வலதுகைக் கையுறையை இடதுகையில் மாட்டின கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாரும் ஒருமுறை செய்து, அடி வாங்கி, பிறகு ஆயுசுக்கும் செய்யாத தப்பு.

ராய்ஸ் துணி அறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மணி பதினொன்றரை.

அவனோடு கூட்டாக வேலை செய்யும் டாயல் மதியம் வந்தான். ஒட்டுப்பட்டையை உருக்கிக் கம்பளங்களை இணைக்கும் இஸ்திரிப்பெட்டியை இரவல் கேட்டிருந்தான் ராய்ஸ். அவனுடையது போன வாரம் புகைந்துபோயிருந்தது. டாயல் ஒரு கையில் அதையும் மறுகையில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு நேராகப் படுக்கையறைக்கே வந்துவிட்டான்.

"என்னடா இது, வீட்டை வித்துட்டியா? துணியெல்லாம் கட்டில்ல கெடக்கு?"

"பெட்டியைக் குடு."

"மொதல்ல சூடா ரெண்டு கடலை தின்னு. பேயறைஞ்ச மாதிரி இருக்கே." டாயல் குனிந்து கீழே கிடந்த துண்டைப் பார்த்தான். "இது யாரு வெட்டினது?"

"நான்தான்."

"சும்மா சொல்லாதே. எந்தப் புது ஆளைக் கூட்டியாந்து வெட்ட வெச்சே?"

"நான்தான்டா வெட்டினேன்! போதுமா?"

டாயல் காகிதத்தையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். தொப்பி விழுந்தது, கடலையும் விழுந்தது.

"முப்பத்திமூணு வருஷம்! பொரட்டாம வெட்டியிருக்கான் பாரு! தங்கமான ஆளுடா நீ. இத நான் திங்கட்கிழமை கடையில சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது."

"சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லு, என்ன பண்றதுன்னு."

"இரு, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆமா, எனக்கு ஒண்ணு சொல்லு. அவ துணி எடுக்க வர்றா. நீ துணி வைக்கிற எடத்துக்குக் கார்ப்பெட் போட்டுட்டு உக்காந்திருக்கே. இது என்ன கணக்கு?"

"உனக்கு அதெல்லாம் புரிஞ்சா நீ ஏன் மூணு கல்யாணம் பண்ணப் போறே?"

"அதுவும் சரிதான்," என்று டாயல் கோபப்படாமல் ஒப்புக்கொண்டான்.

இருவரும் கூடத்துக்குப் போய் மிஞ்சிய துண்டைப் பார்த்தார்கள். வெட்டியதில் அதன் ஒரு மூலை போயிருந்தது. காகிதத்தை இந்தமுறை ஒழுங்காகப் புரட்டி, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்கள். இங்கே சரியாக இருந்தால் அங்கே நாலு விரல் குறைந்தது. கடைசியில் டாயல் காகிதத்தை அரைச் சுற்று சுற்றி வைத்தான். அச்சு பிசகாமல் அடங்கியது.

ஆனால் ஒரு சிக்கல். கம்பளத்தின் இழை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். போகிற போக்கில் தடவினால் கை வழுக்கும், எதிர்ப்போக்கில் தடவினால் கை நிற்கும். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு ஒரே போக்கில் போட வேண்டும். எதிரும் புதிருமாகப் போட்டால் ஒரே நிறக் கம்பளம் வெளிச்சத்தில் இரண்டு நிறமாகத் தெரியும். அரைச் சுற்று சுற்றி வெட்டினால் துணி அறையின் இழை படுக்கையறையைப் பார்த்து எதிர்த்துக்கொண்டு நிற்கும்.

"ரெண்டாப் போட்டு ஒட்டிரலாமே? போக்கும் சரியா வந்துரும்," என்றான் டாயல்.

"அந்தப் பொந்துக்குள்ள ரெண்டு ஒட்டா? நாலு மணிக்குள்ளயா? இப்பவே ஒண்ணரை."

"அப்ப இப்படியே போடு. உங்க வீட்டுக்கு நெல்டாவைத் தவிர யாரு இதக் கண்டுபிடிக்கப் போறா?"

"நெல்டாவுக்காகத்தானே போடறேன்!"

"அவ வாசல்ல நிக்கும்போதே கண்டுபிடிச்சிருவா. அப்புறம் உன்னை உரிச்சு உப்புத் தடவிருவா."

ராய்ஸ் கத்தியைக் கையில் எடுத்தான். உரிக்கட்டுமே என்று தோன்றியது. அது தோன்றியதும் காலையிலிருந்து இருந்த பதற்றம் சற்று விலகியது. இழை எதிராக நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு மூக்கு வியர்க்கும். கண்ணாடியை மாட்டுவாள். பத்தொன்பது வருஷம் உட்கார வைத்துவிட்டு இந்த லட்சணத்திலா போட்டாய் என்று ஆரம்பிப்பாள். பிரித்துத் திரும்பப் போடு என்பாள். பிரித்துப் போட இரண்டு நாளாகும். இரண்டு நாளும் அவள் தலைமாட்டில் நின்று மேய்ப்பாள். திட்டுகிறவள் எங்கே போவாள்?

"கத்தட்டும்டா," என்றான். "கத்துறதுன்னா அவ திரும்பி வந்துட்டான்னு அர்த்தம்."

டாயல் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இரண்டு கடலையை வாயில் போட்டு மென்றான். கொஞ்ச நேரத்தில் டிவியில் காலேஜ் புட்பால் ஆட்டம் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு கை பறந்தது. வெட்டினான், இந்தமுறை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு. அறைக்குள் படுத்துக்கொண்டே இழுவைக் கருவியின் பல்லைக் கம்பளத்தில் பதித்து, அதன் மெத்தைத் தலையில் முழங்காலால் ஓங்கி இடித்து இடித்து விளிம்புகளை ஆணிப்பட்டையில் ஏற்றினான். ஒவ்வொரு இடிக்கும் இடுப்புவரை வலி ஓடியது. செங்கல் பெட்டியைச் சுற்றிய இரண்டு மூலைக்கு மட்டும் அரை மணி. படிக்கட்டுச் சாய்வுக்குக் கீழே தலை இடித்து நெற்றி புடைத்தது. மூன்று மணிக்கு வாசலில் ஒட்டுப்பட்டையை வைத்து, சூடான இஸ்திரியை ஓட்டி, இரண்டு கம்பளத்தையும் சேர்த்து அமுக்கினான். ஒட்டு அருமையாக வந்திருந்தது, சீப்பு நுழையாது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் மணல் நிறம், அந்தப் பக்கம் மழையில் நனைந்த மணல் நிறம். குருடனும் தடவிக் கண்டுபிடிப்பான்.

குப்பையைப் பொறுக்கி, தூசி உறிஞ்சியை ஓட்டி, சட்டை மாற்றினான். மணி மூன்றே முக்கால். உட்கார்ந்தான், எழுந்தான். சமையலறைக்குப் போய்ச் சர்க்கரைத் தேநீர் இரண்டு கிளாசில் ஊற்றினான். இரண்டு கிளாசா, ரொம்ப ஆசைப்படுகிறானோ என்று ஒன்றைத் திரும்ப ஊற்றினான். மறுபடி எடுத்து ஊற்றினான்.

தங்கையின் வேன் வாசலில் வந்து நின்றபோது சரியாக நாலு. நெல்டா தனியாகத்தான் இறங்கினாள். தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"நெத்தியில என்ன?" என்றாள்.

"இடிச்சுக்கிட்டேன். வா. உள்ள வா."

படுக்கையறைக்குள் வந்தவள் கட்டிலைப் பார்த்து நின்றாள். கோட்டுகள், உடுப்புகள், சட்டைகள் எல்லாம் கொக்கியோடு வரிசையாகக் கிடந்தன.

"எல்லாத்தையும் நீயே எடுத்து வெச்சுட்டியா? ரெண்டு மணி நேரம் ஆகும்னு நெனச்சு வந்தேன்." அவள் குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே நன்றி இருந்தது. "எனக்கு வேலை மிச்சம். தேங்க்ஸ், ராய்ஸ்."

"அதுக்காக எடுக்கல!" என்று பதறினான். தன் கையாலேயே அவளுக்கு மூட்டை கட்டிக் கொடுத்திருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "இங்க வா, ஒண்ணு காட்டறேன்."

துணி அறை விளக்கைப் போட்டான். வெளிச்சத்தில் வாசல் கோடு பளிச்சென்று தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம். ராய்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான்.

நெல்டா ஏழு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு கோட்டைத் தாண்டி உள்ளே வைத்தாள். கட்டைவிரல் முன்னால் போயிற்று, பின்னால் வந்தது. அங்கே ஒரு கணம் நின்றது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் பார்த்த கால் அது. எங்கே நின்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். ராய்ஸ் காத்திருந்தான். வாழ்க்கையில் எதற்கும் அவன் அப்படி ஏங்கிக் காத்திருந்ததில்லை.

"நல்லா இருக்கு," என்றாள் நெல்டா.

அவன் விடவில்லை. "நல்லாப் பாரு. கண்ணாடி போட்டுட்டுப் பாரு."

"பாத்தேன். அந்தச் செங்கல் மூலையெல்லாம் எவ்வளவு அழகா வந்திருக்கு."

"இழை எதிரா நிக்குது, நெல்டா. மொதல்ல தப்பா வெட்டிட்டேன். மிச்சத் துண்டு இப்படித்தான் அடங்குச்சு." கெஞ்சுகிற குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. "பளிச்சுனு தெரியுதுல்ல? ரெண்டு நிறமா? சொல்லு. பிரிச்சுப் போடச் சொல்லு, போடறேன்."

அவள் குனிந்து வாசல் ஒட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவன் தோளில் கை வைத்தாள், துக்கம் கேட்க வந்தவர்கள் வைப்பதுபோல.

"தெரியவே இல்ல, ராய்ஸ்," என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து கோட்டுகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ராய்ஸ் விளக்கை அணைத்துவிட்டு, மிச்சத் துணிகளை அள்ளிக்கொண்டு வேனுக்குப் போனான்.